பாடியவர் பெயர்

திருவள்ளூர்,
ஆனி மாதக் கடைசி வாரம்.

அன்புள்ள பேத்திக்குத் தாத்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உன்னோடு வேலை செய்யும் பெண்களும், நீ குடியிருக்கும் தெருவாரும் சேர்ந்து, இந்த ஆடித் திருவிழாவில் நம் பழைய பாடகிகளைக் கௌரவித்து ஒரு மெல்லிசைக் கச்சேரி நடத்த உத்தேசித்திருப்பதையும், சல்சா சங்கீதத்தின் பெரும் பாடகிகளுக்கு வெளிநாட்டில் நடந்த அத்தகைய ஒரு கச்சேரியைக் கைபேசியில் பார்த்ததிலிருந்தே உனக்கு இந்த ஆசை பிறந்ததையும் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சங்கீதம் தெரியாது. முப்பது வருஷம் இரும்பு உருட்டாலையில் வேலை பார்த்தவன், கேட்கத்தான் தெரியும். கேட்கிறவன் ஸ்தானத்தில் நின்று சொல்கிறேன்.

நீ பெயர் எழுதியிருந்த செலியா குரூஸ் அம்மையார் கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1925-ல் பிறந்தவர். 1950-ல் ‘சொனோரா மதான்சேரா’ என்னும் பிரசித்தி பெற்ற வாத்தியக் குழுவில் சேர்ந்து பாடி, பத்து வருஷங்களுக்குப் பின் புரட்சி நடந்த நாட்டை விட்டு வெளியேறியவர். 1962-ல் பெற்ற தாய் இறந்தபோது கடைசியாக முகம் பார்க்கக்கூட ஊர் திரும்ப அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் மேடையில் பாட்டின் நடுவே உரத்துக் கூவிய ‘அசூக்கார்’ என்ற சொல்லுக்குச் சர்க்கரை என்று அர்த்தம். காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்ட ஒரு பரிசாரகனுக்குச் சொன்ன பதிலிலிருந்து அது வந்ததென்று அவரே சொன்னதுண்டு. என்றாலும், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டங்களில் உழன்று மடிந்த அந்தத் தீவை நினைத்துக்கொண்டு கேட்டால், அந்த ஒரு சொல்லில் இனிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகின்றன.

அவருக்கும் முன்னவர் கிரசியேலா. நியூயார்க்கில் பெரிய வாத்தியக் குழு நடத்திய மச்சீத்தோவை 1943-ல் ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டபோது, அவரோடு ஒரே வீட்டில் சகோதரியாக வளர்ந்த இந்தப் பெண் வந்து பாடியே அந்தக் குழு நின்றது. லா லூப்பேயின் கதை வேறு. மேடையில் அழுது, சிரித்து, ஆவேசம் வந்தவர்போல் பாடி ஜனங்களைக் கட்டிப்போட்டவர், கடைசிக் காலத்தில் வறுமையாலும் நோயாலும் வாடி 1992-ல் இறந்தார். அவர் பெயரை நீ விடாமல் எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது.

இந்த வரிசைக்கு நேராக நம் பக்கத்தில் யாரை வைப்பது என்று யோசித்தால், எல்.ஆர். ஈசுவரி அம்மையாரைத்தான் முதலில் வைப்பேன். நான் ஆலையில் சேர்ந்த புதிதில், ஓர் ஆடி மாத விடியலில், இரவு ஷிஃப்ட் முடிந்து, உலை வெக்கையில் கருகிய கண்களோடு வாசலுக்கு வந்தபோது, எதிர்ச் சந்தில் வேப்பிலைத் தோரணம் கட்டிய சிறிய அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பனங்கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ஈசுவரியின் குரல் திருவேற்காட்டுக் கருமாரியை அழைத்தது. எனக்கு முன்னால் நின்ற ஒடியாக்காரத் தொழிலாளி, ஒரு வார்த்தையும் புரியாதவன், தூக்குப் பாத்திரத்தை ஏந்தியபடியே கட்டைவிரலால் அதன் விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். கூழை வாங்கிய பிறகும் பாட்டு முடியும் வரையில் அவன் நகரவில்லை. அந்த விரலை இன்றும் நான் மறக்கவில்லை.

அந்தக் குரலுக்குரியவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே ஒரு விசேஷமான ஒற்றுமையைக் கவனி. செலியா குரூஸும் கத்தோலிக்கராக வளர்ந்தவர். ஆயினும் ஆப்பிரிக்க அடிமைகள் கடல் கடந்து நெஞ்சில் சுமந்துவந்த தெய்வங்களைத் துதிக்கும் பாட்டுகளை, அத்தெய்வங்களுக்கே உரிய ‘பத்தா’ என்னும் மேளங்கள் முழங்க, இளம் வயதிலேயே இசைத்தட்டில் பாடிக் கொடுத்தார். அங்கே பத்தா, இங்கே பம்பையும் உடுக்கையும். தோலில் கை விழுந்ததும் தெய்வம் இறங்குகிறது என்ற நம்பிக்கை இரண்டு கரையிலும் இருக்க, பிறந்த மதம் குறுக்கே நிற்காமல் சாரீரத்தை முழுமையாக அதற்குக் கொடுத்த இரண்டு பெண்களும் என் வணக்கத்துக்குரியவர்கள்.

ஈசுவரி எடுத்த எடுப்பில் மேலே வந்தவர் அல்லர். தாயார் கோரஸ் பாடுகிறவர். அவருடன் போய், 1954-ல் வந்த ‘மனோகரா’வில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடத் தொடங்கினார். 1958-ல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனித்துப் பாட வைத்தார். 1961-ல் ‘பாசமலர்’ கல்யாணப் பாட்டு அவரைத் தமிழ்நாட்டின் எல்லாப் பந்தல்களுக்கும் கொண்டு சேர்த்தது. ராஜேசுவரி என்ற இயற்பெயரைக்கூட, அதே பெயரில் எம்.எஸ். ராஜேசுவரி என்னும் பாடகி முன்பே இருந்ததால், குறைத்துக்கொண்டார். பிறகு ‘கறுப்புப் பணம்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சிவந்த மண்’ என்று வந்த படங்களில், கியூபாவில் பிறந்து உலகம் சுற்றி நம் ஸ்டூடியோக்களுக்கு வந்து சேர்ந்த பாங்கோஸும் தும்பாவும் முழங்கும் வேகப் பாட்டுகளுக்கு அவர் குரலையே இசையமைப்பாளர்கள் தேடினார்கள். இவற்றைக் கேளிக்கைப் பாட்டு என்று தாழ்த்தி, அம்மன் பாட்டை மட்டும் உயர்த்திப் பேசுகிறவர்கள் உண்டு. அது நியாயமன்று. மூச்சை அடக்கி, சொல்லைத் தாளத்தின் விளிம்பில் வைத்துச் சுண்டிவிடும் அதே வித்தைதான் இரண்டிலும் இருக்கிறது. உன் கச்சேரியில் இரண்டும் இருக்கட்டும்.

சல்சாவில் ‘கிளாவே’ என்று ஒன்று உண்டு. இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி, ஒரு பகுதியில் மூன்று அடி, மறு பகுதியில் இரண்டு அடி என்று ஐந்து அடிகளாகச் சுற்றிச் சுற்றி வரும் அளவு அது. குழுவில் எத்தனை பேர் இருந்தாலும், பாடுகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், அந்த ஐந்து அடிக்கு விரோதமாகப் போகக் கூடாது. உங்கள் மேடையிலும் பாட்டைத் தாங்கும் காலம் தவறாமல் இருக்க வேண்டும். ஒத்திகையில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, வெறும் கைத்தாளத்தோடு ஒவ்வொரு பாட்டையும் முழுதாக ஒரு தடவை பாடிப் பாருங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கச்சேரி கேட்டேன். அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடிகையின் பெயரைச் சொன்னார், கதாநாயகரின் பெயரைச் சொன்னார், மேடையிலிருந்த பிரமுகர்களின் பெயரை மூன்று முறை சொன்னார். முதலில் பாடினவரின் பெயரை ஒரு முறையும் சொல்லவில்லை. மனம் நொந்து பாதியில் எழுந்து வந்தேன். இது பழைய வியாதி. 1949-ல் ‘மகல்’ என்னும் ஹிந்திப் படப் பாட்டு கிராமபோன் தட்டாக வந்தபோது, தட்டில் அச்சாகியிருந்தது காமினி என்ற கதாபாத்திரத்தின் பெயர். பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் அன்று. சிறந்த பின்னணிப் பாடகிக்கென்று தேசிய விருது 1968-ம் வருஷத்துப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வழங்கப்பட்டது. அதை ‘உயர்ந்த மனிதன்’ படப் பாட்டுக்காகப் பெற்றவர் நம் பி. சுசீலா. ஆகவே நீ ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், படம், வருஷம் இவற்றை நிதானமாகச் சொல். பாடுகிற உன் தோழியின் பெயரையும் சொல். அவளும் நாளை பெயரில்லாமல் போகக் கூடாது.

இன்னும் இரண்டு காரியம். பேனரில் ‘அஞ்சலி’ என்று அச்சிடாதே. கைகுவித்து வணங்குதல் என்பதே அதன் பழைய பொருளாயினும், இன்று அதை இறந்தவர்களுக்கே வழங்குகிறோம். சுசீலாவும் ஈசுவரியும் நம்மிடையே வாழ்கிறவர்கள். ‘பாராட்டு’ என்று போடு. இரண்டாவது, அவர்களைப் போலவே பாட முயலாதீர்கள். நகல் எடுத்தால் மூக்கும் நடுக்கமும்தான் வரும், உயிர் வராது. உன் தோழிக்கு எந்தச் சுருதி இயல்போ அதில் பாடட்டும்.

கே.பி. சுந்தராம்பாளை விட்டுவிடாதே. கொடுமுடியில் வறுமையில் வளர்ந்து, சிறுமியாக ரயில் வண்டியில் பாடிக் காசு வாங்கியவர், 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க லட்ச ரூபாய் பெற்றதையும், பின்னால் மேல்சபையில் அங்கத்தினராக அமர்ந்ததையும் உங்கள் தெருப் பெண்குழந்தைகள் கேட்க வேண்டும். நீ தினம் வருகிற கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில், சிறிய ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைத் தடவித் தடவி வந்து பழைய பாட்டுப் பாடும் பார்வையற்ற அம்மாள் ஒருவரைப் பற்றி முன்பு எழுதியிருந்தாய். அவரை மேடைக்கு அழை. போக வர ஆட்டோச் செலவும், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானமும் கொடு. சுசீலா அம்மையார் 2008-ல் தம் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, நலிந்த இசைக் கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்க ஏற்பாடு செய்தாரே, அந்த வழியில் உங்கள் தெரு செய்யும் சிறு காரியமாக அது இருக்கட்டும்.

ஆடி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நானும் உன் பாட்டியும் வருகிறோம். அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் மற்றவர்கள் பெயரோடு பேனரில் அச்சிட்டு வை.

இப்படிக்கு,
உன் தாத்தா