கழுவுவதற்கு முன் பார்

அன்புள்ள பேத்திக்கு,

ஆயில் குடித்துப் புகை கக்கும் மேசி 35-ஐ இந்த விடுமுறையில் நீயே பிரித்து இன்ஜின் வேலை பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்துவிட்டது, கண்ணு. தாராளமாகச் செய். ஒரே ஒரு வேண்டுகோள்: டீசலும் பிரஷும் எடுத்துக் கழுவுவதற்கு முன், தேய்ந்த ஒவ்வொரு பாகத்தையும் நின்று பார். பழையது ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் போட்ட புது லைனரும் அதே வழியில்தான் தேயும்.

கையிலிருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள். மேசி ஃபெர்குசன் 35 இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த வண்டி. ஆரம்பத்தில் வந்த நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. 1959 இறுதியில் அதன் இடத்தில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது. 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மேசி டிராக்டர்களையும், சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்தில் இன்ஜின்களையும் சென்னையிலேயே செய்ததால், நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இந்த இன்ஜின் கைப்பழக்கம். போர் 3.6 அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம், மொத்தம் ஏறத்தாழ 2.5 லிட்டர். மேனுவல் அங்குலத்திலும் தௌவிலும் பேசும். ஒரு தௌ என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீயும் அந்தக் கணக்கிலேயே அளந்து எழுது.

பிரிப்பதற்கு முன் ஒருமுறை நன்றாகச் சூடேற ஓட்டு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிரீதரில் ஆவி தள்ளினால் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது. கருப்புப் புகைக்கு லைனரைக் குற்றம் சொல்லாதே. நாசிலையும் ஏர் கிளீனரையும் பார். சூட்டில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்.

ஹெட்டைத் தூக்கியதும் லைனரின் மேல்பக்கம் நகத்தை வைத்து இழு. மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு படி தட்டும். வெப்பம் அதிகம், ஆயில் படலம் மெலிவு, உள்ளே வரும் தூசி அரைப்பதும் அங்கேதான். போர் கேஜால் மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், கிராங்கின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அள. மூன்று லைனரும் மேலே அகன்று, பிஸ்டனின் பக்கவாட்டில் மங்கலான நெடுங்கோடுகள் இருந்தால் வயல் புழுதி உள்ளே போயிருக்கிறது. ஏர் கிளீனரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை வளைத்து வெடிப்பைத் தேடு. கிளாம்புக்கு அடியில் மண் தடம் இருக்கிறதா பார். கிளீனரின் ஆயில் கிண்ணத்தில் சேறு எவ்வளவு, ஆயில் குறிவரை இருந்ததா என்றும் பார். புழுதி உழவில் டிராக்டர் தான் கிளப்பும் மண்ணையே சுவாசிக்கிறது. இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தச் சின்னக் கிண்ணம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு லைனர் மட்டும் தேய்ந்திருந்தால் கதை வேறு. அந்தச் சிலிண்டரின் நாசில் ஒழுகி, டீசல் ஆயில் படலத்தைக் கழுவியிருக்கலாம். வாட்டர் ஜாக்கெட்டில் வெள்ளைப் படிவு கண்டால் போர்வெல் உப்புத்தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இவ்வளவும் எழுதி வைத்தபின் கழுவு. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடி மாறக் கூடாது. வால்வு, புஷ் ராடு எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு வை. கிராங்கை லேத் பட்டறையில் அளந்து, தேவையென்றால் 10, 20, 30 தௌ என்ற படிகளில் கிரைண்டிங் செய்வார்கள். பேரிங்கை அதற்குப் பிறகு வாங்கு. திரும்பி வரும் கிராங்கின் ஆயில் துளைகளை நீயே கம்பியும் காற்றும் விட்டுச் சுத்தம் செய். துளையில் தங்கிய கிரைண்டிங் தூள் புது பேரிங்கைத் தின்றுவிடும். டீசல் பம்பை மட்டும் திறக்காதே, அது காலிபரேஷன் கடைக்குப் போகட்டும்.

புது ரிங்கை லைனருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாயிடைவெளியை ஃபீலர் கேஜால் அள. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சால் முறுக்கு. டப்பெட் இடைவெளி குளிரில் 12 தௌ, சூட்டில் 10. டீசலை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்று. அப்புறம் ஃபில்டர், பம்ப், நாசில் பைப் என்ற வரிசையில் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய். புது இன்ஜின் என்று பரிதாபப்பட்டு மணிக்கணக்கில் ஐடிலில் விடாதே. சுமையில்லாமல் ஓடினால் ரிங் பதியாது, லைனர் கண்ணாடிபோல் வழவழத்து மறுபடி ஆயில் குடிக்கும். மிதமான சுமையில் ஓட்டு. சூடேறிய பின் ஹெட்டையும் டப்பெட்டையும் மீண்டும் சரிபார்.

மூன்று லைனருக்கும் ஆறாறு அளவுகள், ஆகப் பதினெட்டு எண்கள் வரும். புது பாகம் எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் அவற்றை எழுதி எனக்கு அனுப்பு. ஏர் கிளீனர் கிண்ணத்தை, உள்ளே இருக்கும் சேற்றோடு, நான் வரும்வரை அப்படியே வைத்திரு.

அன்புடன்,
தாத்தா