அயர்ன் பாக்ஸ் ஏன் சூடாகவில்லை?

போன இதழில் எல்லாரும் கவிதையும் விடுகதையும் எழுதிவிட்டதால், இந்த முறை அறிவியல் கட்டுரையை டீச்சர் என் தலையில் கட்டிவிட்டார். என்ன எழுதுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸே விஷயம் கொடுத்தது.

எங்கள் அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறாங்க. ஜாக்கெட்டைத் தைத்தால் மட்டும் போதாது. கழுத்துப் பட்டியையும் கை மடிப்பையும் தேய்த்துப் படிய வைக்கணும். ஒரு கல்யாண வீட்டுக்கு 12 ஜாக்கெட், வெள்ளிக்கிழமை கொடுக்கணும். செவ்வாய்க்கிழமை ராத்திரி பெட்டி சூடாகவே இல்லை. கரண்ட் இருக்கு, ஃபேன் ஓடுது, பெட்டி மட்டும் ஜில்லென்று கிடக்குது. அம்மா பித்தளைச் சொம்பில் அடுப்புத் தணலை அள்ளிப் போட்டு, துணி சுற்றிப் பிடித்துத் தேய்த்தாங்க. இரண்டு ஜாக்கெட்டுக்கே விரல் சிவந்துபோச்சு.

மறுநாள் டவுனில் ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. பிளக்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, "காயில் போச்சும்மா, மாத்த 350 ரூபா ஆகும்" என்றார். அம்மாவுக்கு அது மூணு ஜாக்கெட் கூலி. பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இனி பாடம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன் (படம் கொஞ்சம் கோணல், மன்னிக்கவும்). மின்சாரம் பிளக்கிலிருந்து ஒயர் வழியாக வந்து, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, காயிலுக்குள் போய், இன்னொரு ஒயர் வழியாகத் திரும்புகிறது. இந்த வழியில் எங்கே ஓர் இடம் அறுந்தாலும் பெட்டி சூடாகாது.

காயில் என்பது நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். மின்தடை அதிகம், சிவக்கச் சிவக்கச் சூடானாலும் சீக்கிரம் துருப்பிடித்து உதிராது. மின்சாரம் போகும்போது கம்பி எவ்வளவு சூடாகும் என்று கணக்குக் கண்டுபிடித்தவர் ஜூல் என்ற ஆங்கிலேயர். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பியின் மின்சாரம் அடித்தகட்டுக்குப் பாயாமல் இருக்க நடுவில் மைக்கா வைத்திருக்கிறார்கள். மைக்கா வேறு ஒன்றுமில்லை, நாம் மண்ணில் பொறுக்கி விளையாடும் காக்காப்பொன்தான்! சூட்டைத் தாங்கும், மின்சாரத்தை விடாது. மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு 1882இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

தெர்மோஸ்டாட் என்பது இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு. சூடானால் ஒன்று அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும், அதனால் தகடு வளைந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி சேரும். தேய்க்கும்போது "டிக்" என்று கேட்கிறதே, அது இதுதான்.

சரி, எங்கே அறுந்திருக்கிறது? எங்க சித்தப்பா வயரிங் வேலை பார்க்கிறார். புதன்கிழமை சாயங்காலம் வந்து, பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்குரூ டிரைவரால் பெட்டியைத் திறந்தார். (நான் திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீங்க, பெரியவங்க திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க.) என் பங்குக்கு நான் ஒரு டெஸ்டர் செய்தேன். இரண்டு பேட்டரிக் கட்டை, பழைய டார்ச் லைட் பல்பு, இரண்டு துண்டு ஒயர். ஒயர் நுனிகளை எதன் இரண்டு பக்கமும் வைத்தால் பல்பு எரிகிறதோ, அது அறுகாமல் இருக்கிறது. எரியவில்லை என்றால் அறுந்துவிட்டது. இப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

காயிலின் இரண்டு முனையிலும் வைத்தேன். எரியவில்லை. திருப்பி வைத்தேன். எரியவில்லை. "கடைக்காரர் சொன்னது சரிதான் போல" என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாங்க. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் விடை சொல்லவில்லை. "பெட்டியில் எத்தனை வாட்னு போட்டிருக்கு? ஓம் விதி படிச்சியே, கணக்குப் போட்டுப் பார்" என்றார். பெட்டியில் 750 வாட் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 750ஐ 230ஆல் வகுத்தால் 3.26 ஆம்பியர். 230ஐ 3.26ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 70 ஓம். இப்போது என் டெஸ்டருக்கு வருவோம். இரண்டு கட்டை சேர்ந்து 3 வோல்ட். 3ஐ 70ஆல் வகுத்தால் 0.043 ஆம்பியர். பல்பின் கழுத்தில் 0.3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதற்கு வேண்டியதில் ஏழில் ஒரு பங்குதான் போகிறது, எப்படி எரியும்? காயில் நன்றாக இருந்தாலும் அந்தப் பல்பு எரிந்திருக்காது! நல்ல காயிலைத் தூக்கிப் போடப் பார்த்தேன்.

டீச்சர் லேபிலிருந்து ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் 100 ஓம் மின்தடை ஒன்றும் கொடுத்தார். எல்.இ.டி.க்குக் கொஞ்சம் மின்னோட்டம் போதும். நீளக் கால் கட்டையின் பிளஸ் பக்கம் வரணும், மாற்றி வைத்தால் எரியாது. சாயங்காலம் காயிலில் வைத்தேன். எரிந்தது! "அம்மா, காயில் போகலை!" என்று நான் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. எங்கள் பெட்டியில் சின்ன விளக்கு காயிலோடு பக்க இணைப்பில் இருக்கிறது. காயில் மட்டும் அறுந்திருந்தால் அந்த விளக்காவது எரிந்திருக்கணும். செவ்வாய்க்கிழமையே அது எரியவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து ஒயர். ஒயருக்கு மின்தடை மிகக் குறைவு, அதனால் பழைய பல்பே போதும். கறுப்பு ஒயர் எரிந்தது. சிவப்பு எரியவில்லை. பெட்டிக்குள் ஒயர் நுழையும் கழுத்தை வளைத்தால் விட்டுவிட்டு எரிந்தது. தேய்க்கும்போது அந்த இடம்தானே முன்னும் பின்னும் மடங்கி மடங்கி ஒடியும். பச்சை ஒயரும் எரியவில்லை. சித்தப்பா பிளக்கைத் திறந்தார். பச்சை ஒயரை வெட்டி உள்ளே மடக்கி விட்டிருந்தது. முன்பு இருந்த வீட்டில் இரண்டு ஓட்டை பாயிண்ட்தானாம். அப்போது அப்பா வெட்டியது. அப்புறம் மூணு பின் பிளக் மாற்றினார்கள், பச்சையை யாரும் மாட்டவில்லை.

சித்தப்பா பிளக்கின் சிவப்புப் பின்னில் ஒரு நுனியும் அடித்தகட்டில் ஒரு நுனியும் வைக்கச் சொல்லி, கழுத்தை மெதுவாக வளைத்தார். பல்பு எரிந்தது. இது எரியவே கூடாது. ஒடிந்த இடத்தில் பொறி பறந்து பறந்து ரப்பர் கருகி, செம்பு இழை வெளியே வந்து பெட்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பச்சை ஒயர் எர்த். உடம்புக்கு மின்சாரம் கசிந்தால் அது இந்த வழியாக மண்ணுக்குப் போகும், அதிகமாகப் போகும்போது பியூஸ் போய்விடும். ஆள் தப்பிக்கலாம். பச்சை இல்லாவிட்டால் மின்சாரம் பெட்டியிலேயே நிற்கும், தொடுகிற கை வழியாக இறங்கும். பெட்டி சூடாவதற்குப் பச்சை தேவையே இல்லை, அதனால் அது இல்லாதது இத்தனை நாளாகத் தெரியவில்லை. "சில நேரம் சுரீர்னு இழுக்கும், அது அப்படித்தான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாங்க. அம்மா எப்போதும் தடிப் போர்வையை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து தேய்ப்பாங்க. போர்வை காய்ந்து இருந்ததால்தான் சுரீர் என்பதோடு போயிற்று என்று சித்தப்பா சொன்னார். அடைமழை நாளில் ஈரத் தரையில் கால் வைத்திருந்தால்? அப்பா ஒன்றும் பேசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் புது ஒயர் வாங்கி வந்தார். துணி சுற்றிய மூணு கம்பி ஒயர், 110 ரூபாய்.

சித்தப்பா மாட்டி முடித்ததும் மறுபடி சோதித்தோம். சிவப்புப் பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவில் எரியக் கூடாது, எரியவில்லை. எர்த் பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவில் எரியணும், எரிந்தது. 3 வோல்ட்டில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரியும் என்பதால், அவருடைய சீரிஸ் லேம்பிலும் போட்டுப் பார்த்தார். அதை எங்களைத் தொட விடவில்லை. வீட்டு எர்த் குழி காய்ந்து கிடந்தது, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அதை நான்தான் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் 12 ஜாக்கெட்டும் போய்விட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியின் பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது என்று இன்றைக்குப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டிருக்கிறேன், எங்கள் வகுப்பில் இதுவரை நாலு வீட்டில் இரண்டு பின்தான்.

ஒரு கணக்கு: 230 வோல்ட்டில் ஓடும் ஒரு பெட்டியின் காயில் மின்தடை 53 ஓம். அது எத்தனை வாட் பெட்டி? விடை அடுத்த இதழில்.

— 9ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி