விளையாட்டு விழாவும் நாட்டின் வரவு செலவும்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டி நகர விளையாட்டரங்கம் அமைந்துள்ளது. மக்கள் அதனைச் 'சிட்டி ஸ்டேடியம்' என்பர். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அங்கே பினாங்கு, பகாங் குழுக்கள் காற்பந்து ஆடின. பினாங்கு ஆட்டக்காரர் முகமட் பைஸ் சுப்ரி தொலைவிலிருந்து உதைத்த பந்து, காற்றில் திசை மாறிக் கோல் காவலரை ஏமாற்றி வலைக்குள் புகுந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்குரிய பூஸ்காஸ் விருதை அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் அவருக்கே வழங்கியது. இவ்வாறு, பழைய அரங்கம் ஒன்றில் நடைபெற்ற வழக்கமான லீக் ஆட்டத்தின் வழியே பினாங்கின் பெயர் உலகெங்கும் பரவியது.

ஒரு நாடு புகழ் பெறுவதற்கு வேறொரு வழியும் உண்டு. அது பெரிய அனைத்துலக விளையாட்டுப் போட்டிகளை ஏற்று நடத்துவதாகும். இதற்குப் பெரும்பொருள் தேவை. அப்பொருள் யாருடையது? பலன் யாருக்கு? இவற்றை ரப்பர் தோட்டத் தொழிலாளர்களாகிய நீங்களும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் செலவாவது பொதுப்பணம். அரங்குகளைக் கட்டுவது தொழிலாளர் கரங்கள். அவை எழும் நிலமோ பல வேளைகளில் தோட்ட நிலம்.

பணம் சுழலும் விதம்

போட்டியைக் காண வரும் வெளிநாட்டார் ஒருவர் சாலையோரக் கடையில் பத்து வெள்ளிக்கு உணவு உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அப்பணத்தில் மீனும் காய்கறியும் வாங்குகிறார். மீனவர் தம் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்குகிறார். ஒரே பணம் ஊருக்குள் பல கைகள் மாறிப் பலருக்கும் பயன்படுகிறது. ஆனால் அரங்கின் இருக்கைகளும் கருவிகளும் வெளிநாட்டில் வாங்கப்பட்டால், அதற்கான பணம் ஊருக்குள் சுழலாமலேயே வெளியேறிவிடும்.

மேலும், கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் அஞ்சி, வழக்கமாக வரும் சுற்றுப்பயணிகள் அந்நாட்களில் வராதிருப்பதும் உண்டு. ஆகவே வந்தவர்களை மட்டும் எண்ணி இலாபம் என்று கூறிவிட இயலாது. வராமல் போனவர்களையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரே வெள்ளியை இரு முறை செலவழிக்க இயலாது என்பதும் நாம் அறிந்ததே. அரங்குக்குச் சென்ற பணம் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ செல்லவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இரு நகரங்கள் தரும் பாடம்

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது. போட்டிகள் இரண்டு வாரங்களில் முடிந்தன. ஆனால் அரங்குக்காகப் பட்ட கடன் 30 ஆண்டுகளுக்குப் பின்னர், 2006ஆம் ஆண்டில்தான் அடைந்தது. அக்கடனைத் தீர்ப்பதற்காகப் புகையிலை மீது தனி வரி விதிக்கப்பட்டது. போட்டி நடைபெற்றபோது பிறந்திராத பிள்ளைகளும் வளர்ந்து அக்கடனைச் சுமந்தனர்.

1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமோ, பெரும்பாலும் முன்பே இருந்த அரங்குகளைப் பயன்படுத்தியது. 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடைபெற்ற அதே அரங்கில் மீண்டும் தொடக்க விழா கண்டது. செலவு போக 20 கோடி டாலருக்கு மேல் மிஞ்சியது.

ரப்பர்க் கன்றை நட்டு ஆறேழு ஆண்டுகள் பராமரித்த பின்னரே பால் வெட்டுகிறோம். அதன்பின் அது பல்லாண்டுகள் பலன் தருகிறது. ஒரு போட்டிக்கென்றே கட்டப்படும் அரங்கம் இதற்கு நேர்மாறானது. முதல் இரண்டு வாரங்களில் பலனைத் தந்துவிட்டுப் பிறகு பராமரிப்புச் செலவையே கேட்டுக்கொண்டிருக்கும். அன்றாடம் அதனைப் பயன்படுத்தும் மக்கள் இருந்தால் மட்டுமே இந்நிலை மாறும்.

கோலாலம்பூர் கண்ட விழா

நம் நாடு 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 11 முதல் 21 வரை காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. ஆசிய மண்ணில் அப்போட்டிகள் நடைபெற்றது அதுவே முதல் முறை. முந்திய ஆண்டில் தொடங்கிய ஆசியப் பொருளாதார நெருக்கடியின் இடையிலும் விழா சிறப்புற நடந்தேறியது. மலேசியா 10 தங்கப் பதக்கங்களை வென்றது. 50 கிலோமீட்டர் நெடுநடையில் தங்கம் வென்ற ஜி. சரவணனை நம் மக்கள் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர்.

புக்கிட் ஜாலிலில் எழுந்த தேசிய அரங்கம் அதன்பின் 2001, 2017ஆம் ஆண்டுகளின் தென்கிழக்காசியப் போட்டிகளுக்கும் பயன்பட்டது. அவ்வட்டாரத்துக்கு 1998இல் வந்த இலகு ரயில், நாள்தோறும் வேலைக்குச் செல்வோரைச் சுமந்து வருகிறது. இவை நிலைத்த நன்மைகள்.

ஆயினும் புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம் என்பதை மறத்தல் ஆகாது. அங்கே எஞ்சியிருந்த தோட்டக் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை, போட்டிகள் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், 2011ஆம் ஆண்டிலும் தீராதிருந்தது. அரங்கைக் குறித்த நாளுக்குள் கட்டி முடித்த நாட்டில், அதனருகே இருந்த தொழிலாளரின் வீட்டுக்கு நாள் குறிக்கப்படவில்லை. நிலம் வளர்ச்சிக்கு எடுக்கப்படும்போதே, அங்கு வாழ்ந்தோர் எங்குக் குடியேறுவர் என்பதும் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். இதுவே நாம் இங்குக் கற்கும் பாடம்.

உழைத்தவருக்குரிய கூலி

1982ஆம் ஆண்டு இறுதியில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அதற்கான கட்டுமானப் பணிகளுக்கு வெளிமாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். ஆள் சேர்த்துக் கொடுத்த ஜமாதார்கள், அக்காலத்துக் கங்காணிகளைப் போன்றவர்கள். நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாயைத் தமக்கெனப் பிடித்துக்கொண்டனர்.

குடியுரிமை அமைப்பு ஒன்று இதனைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிமன்றம் அக்கடிதத்தையே வழக்காக ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்கு ஒப்பாகும் என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. விளையாட்டுகளின் முடிவுகளைப் பலர் மறந்திருக்கலாம். அத்தீர்ப்போ இன்றும் இந்தியத் தொழிலாளர்களுக்கு அரணாக நிற்கிறது.

வேண்டாம் என்பதும் ஒரு முடிவே

2026ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளை நடத்தவிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு பெருகியதால் 2023ஆம் ஆண்டு விலகிக்கொண்டது. அவ்வாய்ப்பு மலேசியாவைத் தேடி வந்தது. 10 கோடி பவுன் உதவித்தொகையும் தரப்படும் எனக் கூறப்பட்டது. காலமும் குறைவு, செலவும் மிகுதி என்பதால் நமது அரசாங்கம் 2024 மார்ச் மாதத்தில் அதனை ஏற்க மறுத்தது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது வீட்டுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் பொருந்தும்.

எனினும் எல்லாப் போட்டிகளையும் மறுக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. பல இனத்தவரும் ஒரே கொடியின் கீழ்க் கூடி ஆரவாரிக்கும் மகிழ்ச்சிக்கு விலை கூற இயலாது. 2027ஆம் ஆண்டு தென்கிழக்காசியப் போட்டிகளை நடத்த மலேசியா பொறுப்பேற்றபோது, பினாங்கும் ஒரு களமாக அறிவிக்கப்பட்டது. ஒரே நகரில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டாமல், பல மாநிலங்களில் உள்ள அரங்குகளைப் பகிர்ந்துகொள்வதால் செலவு குறையும். வரும் கூட்டமும் பணமும் பல ஊர்களுக்குப் பரவும்.

திருவிழாவின் சிறப்பைத் தேர் ஓடும் நாளில் காணலாம். அதன் கணக்கையோ பந்தல் பிரித்த பிறகுதான் காண முடியும். தேர் இழுத்தவருக்கும் உரிய பங்கு கிடைத்திருந்தால், அதுவே நல்ல திருவிழா.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் தோட்டத்துக்கு அருகே பெரிய அரங்கம் ஒன்று கட்டப்படுவதாயின், எவ்வெவற்றை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும்?

2. அவ்வரங்கை உங்கள் பிள்ளைகள் அன்றாடம் பயன்படுத்த என்ன ஏற்பாடு வேண்டும்?

3. டில்லித் தொழிலாளர்களின் நிலை நம் தோட்டத்தில் ஏற்பட்டால், முதலில் யாரிடம் முறையிட வேண்டும்? உங்கள் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள்.