புள்ளி இழந்த எழுத்து

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இட்டிருக்க மாட்டார்கள். எழுத்தாணியின் குத்தில் ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சமே காரணம். வரிவடிவம் ஒன்றே, புள்ளி இருந்தால் அதிலுள்ள அகரம் அடங்கும், இல்லையேல் ஒலிக்கும். உயிரணுவுக்குள்ளும் இத்தகைய புள்ளி உண்டு.

டி.என்.ஏ. என்னும் மரபு ஏடு நான்கு எழுத்துகளால் ஆனது. அவற்றுள் ஒன்றான சைட்டோசினின்மீது மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி வந்து அமர்வதுண்டு. எழுத்து மாறுவதில்லை, ஆனால் அப்பகுதி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இடம்விட்டு இடம் தாவும் மரபுக்கூறுகளைத் தாவரங்கள் இவ்வாறுதான் அடக்கி வைத்துள்ளன. உயிரணு பிரியும்போது எழுத்தோடு புள்ளியும் படியெடுக்கப்படுகிறது. இதனை ஆராயும் துறை மேல்மரபியல் எனப்படும்.

படியெடுக்கையில் புள்ளி விடுபட்டால்? மலேசியத் தமிழர் செம்பனை என வழங்கும் எண்ணெய்ப்பனைக்கு வளர்நுனி ஒன்றே. அது பக்கக்கன்று விடாது. கிளையை வெட்டி நடவும் இயலாது. எனவே, மிகுந்த எண்ணெய் தரும் மரங்களைப் பெருக்க 1970களில் திசு வளர்ப்பு முறையைக் கையாண்டனர். கன்றுகள் செழித்து வளர்ந்தன. பூத்துக் காய்த்தபோதுதான் சில மரங்களில் கோளாறு தெரிந்தது. மகரந்தத்தாள்களாக வேண்டியவை சூலக இலைகளைப் போல மாறி, காயைச் சுற்றி மேலாடை போர்த்தியதுபோல் வளர்ந்தன. எண்ணெய் குறைந்தது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட குலைகள் முதிராமலே அழிந்தன. நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் நிலமும் உரமும் உழைப்பும் செலவிட்ட பின்னரே உழவர் இதனை அறிய முடிந்தது. வியப்பு என்னவெனில், அம்மரங்களுள் சில பின்னர் இயல்பான காய்களையும் தந்தன. எழுத்தே பிழையாகியிருந்தால் அவ்வாறு திரும்புவது அரிது.

2015ஆம் ஆண்டு மலேசிய எண்ணெய்ப்பனை வாரியத்தினரும் அமெரிக்க ஆய்வாளரும் இணைந்து காரணத்தை வெளியிட்டனர். பூவின் உறுப்புகளை வகுக்கும் மரபணு ஒன்றினுள் 'கர்மா' எனப் பெயரிடப்பட்ட தாவும் கூறு ஒன்று உறைகிறது. நல்ல மரங்களில் அதன்மீது மெத்தில் புள்ளிகள் செறிந்திருந்தன. கோளாறுற்ற மரங்களில் அவை உதிர்ந்திருந்தன. அடங்கியிருக்க வேண்டிய பகுதி குறுக்கிட்டதால், மரபணுவின் செய்தி பாதியில் முறிந்தது. வினையைக் குறிக்கும் பெயர் இங்கே பொருந்தித்தான் போயிற்று!

இம்மாற்றம் திசு வளர்ப்பில் நேர்ந்தது. விதைவழித் தொடர்வதும் உண்டு. சிவந்து பழுக்காத தக்காளி வகை ஒன்றில், மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை. அதன் முன்பகுதியில் மெத்தில் மிகுந்திருப்பதை 2006இல் கண்டறிந்தனர். அந்நிலை தலைமுறைதோறும் தொடர்கிறது.

எண்ணெய்ப்பனைக் கன்றின் இலையில் சிறு வட்டம் வெட்டியெடுத்து, கர்மாவின்மீது புள்ளிகள் உள்ளனவா என இப்போது சோதிக்க இயலும். பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோளாறுள்ள கன்றை நாற்றங்காலிலேயே விலக்கிவிடலாம்.