குடிவழி வரும் நீரிழிவு

தோற்றத்தால் ஒன்றுபோலக் காணப்படும் நோய்கள் காரணத்தால் வேறுபடுதல் உண்டு. நீரிழிவு நோயும் அத்தகையதே.

நாம் உண்ணும் உணவிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. அதனை உடல் பயன்கொள்ளத் துணைசெய்வது கணையத்திற் சுரக்கும் இன்சுலின் ஆகும். இளமையில் நீரிழிவுற்றோர் பலருக்கு அதனைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. நாள்தோறும் இட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியே அவர்களுடைய உயிரைக் காக்கின்றது.

ஆயினும், இளமையில் தோன்றும் நீரிழிவு யாவும் இவ்வகையின அல்ல. இராபர்ட் டாட்டர்சால் என்னும் ஆங்கில மருத்துவர், சில குடும்பங்களில் இந்நோய் தலைமுறைதோறும் தொடர்ந்து வருதலை ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் எழுதினார். அக்குடும்பங்களில் இளமையிலேயே நோயுற்றவர் பலர், பல்லாண்டுகள் கழிந்த பின்னும் இன்சுலின் ஊசியின்றி வாழ்ந்தமை வியப்பை விளைத்தது.

இதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் நேரும் மாற்றமே என்பது பின்னர்ப் புலனாயிற்று. பெற்றோருள் ஒருவரிடம் அம்மாற்றம் இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

மாற்றமுற்ற மரபணுவிற்கேற்ப நோயின் தன்மையும் வேறுபடும். குளுக்கோகைனேஸ் என்னும் நொதி, சர்க்கரையின் அளவைக் கணையத்திற்கு உணர்த்துவது. அதன் மரபணுவில் குறை நேர்வதை அறிஞர் 1992இல் கண்டறிந்தனர். இக்குறையுடையோர்க்குச் சர்க்கரை சிறிதளவே மிகும். பொதுவாக மருந்து வேண்டுவதில்லை. 1996இல் அறியப்பட்ட மற்றொரு வகையிலோ சர்க்கரை ஆண்டுதோறும் ஏறிச் செல்லும்; கவனியாது விடின் கண்ணும் சிறுநீரகமும் கெடும். ஆயினும் இவ்வகையினரின் உயிரணுக்கள் அழிவதில்லை. அவற்றைத் தூண்டினாற் போதும். இங்கிலாந்திலுள்ள எக்சிடர் நகர மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சல்போனைல்யூரியா இனத்து மாத்திரை இவர்களுக்கு மெட்பார்மினைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பயன் தந்தது. ஊசி இட்டுவந்த பலர் மாத்திரைக்கு மாறினர்.

இதனைக் கேட்டு எவரும் தாமே ஊசியை நிறுத்துதல் கூடாது. அது உயிருக்கே தீங்காய் முடியலாம். குருதியைக் கொண்டு மரபணுவை ஆராய்ந்து, நோயின் வகையைத் தெளிந்து, முடிவு கூறுதற்குரியவர் மருத்துவரே.

இக்குடிவழி நீரிழிவு அரியது. ஆதலின் எளிதிற் கண்ணிற் படுவதன்று. “நும் பெற்றோர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இந்நோய் உண்டோ? எவ்வயதில் வந்தது?” என்னும் எளிய வினாக்களே அதனை அறிதற்கு முதல் வழியாகும். அவற்றிற்கு உண்மை விடை கூறும் குடும்பம், தன் இளையோர்க்குப் பெருநன்மை செய்ததாகும்.