ஆலை கேன்டீன் பாத்திரங்கள்: வாங்கும்போதும் விற்கும்போதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் சிட்கோ ஆகிய இடங்களில் ஓர் ஆலை மூடப்பட்டாலும், கேன்டீன் கான்டிராக்டர் மாறினாலும், பழைய சமையல் சாமான்கள் மொத்தமாக விலைக்கு வருவதை நமது உறுப்பினர்கள் அறிவார்கள். அண்டா, டேக்சா, இட்லிக் கொப்பரை, கிரைண்டர், டீ பாய்லர் என எல்லாம் கலந்து ஒரே லாட்டாக வரும். நம் ஊரில் இரும்பை உருக்கும் உலைகள் பக்கத்திலேயே இருப்பதால், அலசிப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. பாத்திரமாகப் போகக்கூடியதை எடைக்குப் போடுவது நஷ்டம். எடைக்குப் போக வேண்டியதைப் பாத்திரமாக விற்பதோ அதைவிடப் பெரிய வம்பு.

எவர்சில்வரைத் தரம் பார்க்க, காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது. 304 என்ற ரகத்தில் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. அடித்து மடித்த விளிம்புகளில் மட்டும் இலேசாக இழுக்கலாம். காந்தம் பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத ரகம் அல்லது இரும்பு. 304-ஐயும் 202-ஐயும் பிரித்தறிய, உலோகக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே வழி. புளியும் உப்பும் நாள் முழுதும் நிற்கும் பாத்திரமாக இருந்தால் 202 புள்ளி புள்ளியாக அரிக்கத் தொடங்கும். இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்பவர்கள்தான் இன்று நம்மிடம் நல்ல விலை கொடுக்கும் வாடிக்கையாளர்கள். மாவு புளிக்க வைக்க அவர்களுக்கு 304 கொடுங்கள், அலுமினியத்தைத் தள்ளிவிடாதீர்கள். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசியே விற்க வேண்டும்.

அடுத்து, ஆலையின் சமையற்கட்டிலிருந்து வந்தது எது, உற்பத்திக் கூடத்திலிருந்து வந்தது எது என்று பிரிக்க வேண்டும். ஒரே லாரியில் இரண்டும் வரும். இரசாயனம் இருந்த தொட்டியையும் டிரம்மையும் எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு விற்கக்கூடாது. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர்கள் 60 பேருக்கு மேல். அது எதையும் புளிக்க வைத்ததால் உண்டான பொருள் அல்ல. ஆலைகளுக்கென்று செய்யப்படும் இரசாயனம். அத்தகைய டிரம்மின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதை நம் குடோனுக்குள் விடலாகாது.

அண்டாவுக்கு இறுக்கமான மூடி போட்டு, மேலே குழாய் வைத்து அடித்துத் தர முடியுமா என்று கேட்டு வருபவர்களும் உண்டு. சிலர், அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்களே என்று வாதமும் செய்வார்கள். உண்மைதான். அங்கே 1978-இல் வந்த சட்டம் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை, சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச மத்திய வரியிலிருந்து விலக்கு தந்தது. ஓட்டல்களின் பழைய பாத்திரங்களுக்கு அங்கே அந்த வகையிலும் கிராக்கி இருக்கிறது. நம் மாநிலத்தில் நடப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். மது தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதே அதில் குற்றம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-இல் தண்டனைகளையும் கடுமையாக்கிவிட்டார்கள். ஆகவே குழாய் வைத்த மூடி கேட்பவருக்கு, என்ன விலை தந்தாலும், சரக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதே நாம் கடைப்பிடிப்பது. எதற்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்பவர் வாடிக்கையாளரே அல்லர்.

நீராவி பாய்லர் விஷயம் தனி. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. டீக்கடை வெந்நீர் பாய்லருக்கு அதனால் தொல்லை இல்லை. இட்லி அவிக்க அழுத்தத்தில் நீராவி தரும் பெரிய பாய்லரானால் பதிவுப் புத்தகத்தையும் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். அவை இல்லாவிட்டால் உடைத்து எடைக்குத்தான் போட வேண்டும். ஓட்டல்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

பில் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உபயோகித்த சாமானை வாங்கி, சில்லறை ரிப்பேர் மட்டும் செய்து அப்படியே விற்றால், ஜி.எஸ்.டி. விதி 32(5)-இன்படி லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டலாம். 10,000 ரூபாய்க்கு வாங்கி 13,500-க்கு விற்றால் வரி 3,500-க்குத்தான். ஆனால் வாங்கும்போது உள்ளீட்டு வரியை எடுத்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. அதே சரக்கை 'ஸ்கிராப்' என்று எழுதினால் கணக்கே வேறு: 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும். எனவே லாரி இறங்கும்போதே பாத்திரம், ஸ்கிராப் என்று இரண்டு குவியலாகப் பிரித்து, இரண்டு பில்லாகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.