காரின் இணைப்புச் சந்தா: புதுப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?



கருப்பட்டி வாங்கும்போது நாம் ஒன்றுக்கு இரண்டு முறை உடைத்துப் பார்க்கிறோம். கருவாட்டை அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே விலை பேசுகிறோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்கிறோம். ஆனால், "உங்கள் காரின் இணைப்புச் சேவை இன்னும் பதினைந்து நாளில் முடிகிறது, உடனே புதுப்பிக்கவும்" என்று கைப்பேசியில் செய்தி வந்தால் என்ன செய்கிறோம்? சிலர் என்ன ஏது என்று பார்க்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறோம். சிலர் என்ன ஏது என்று பார்க்காமலே அழித்துவிடுகிறோம். இரண்டும் வியாபாரிக்கு அழகல்ல. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. இம்மாதப் பாடத்தில் இந்தச் சந்தாவை அளந்து பார்ப்போம்.

இந்தச் சேவை என்பது என்ன?

காருக்குள் ஒரு சிறிய கருவி இருக்கிறது. அதில் ஒரு சிம், இருப்பிடம் அறியும் சாதனம், காரின் இயந்திரத் தகவல்களைப் படிக்கும் வசதி ஆகிய மூன்றும் உண்டு. கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, பாட்டரி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் அது செல்போன் கோபுரம் வழியாகக் கம்பெனியின் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நம் கைப்பேசிச் செயலிக்கு வருகிறது. கதவைப் பூட்டுவது, ஏ.சி.யை முன்கூட்டியே ஓட விடுவது, குறித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிப்பது, ஆபத்தில் உதவி அழைப்பது எல்லாம் இந்த வழியில்தான் நடக்கின்றன.

உலகில் இதை 1996-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஆன்ஸ்டார்' என்ற பெயரில் தொடங்கியது. நம் நாட்டில் 2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர், கியா செல்டோஸ் ஆகிய கார்கள் வந்த பிறகு இது பரவலாயிற்று. லோடு வண்டிகளிலும் டாடாவின் 'ஃப்ளீட் எட்ஜ்', மகிந்திராவின் 'ஐமேக்ஸ்', அசோக் லேலண்டின் 'ஐ-அலர்ட்' என்று வந்துவிட்டன. பல கார்களில் முதல் சில ஆண்டுகள் இலவசம். இலவசம் முடியும்போதுதான் நாம் முடிவு செய்ய வேண்டிய நாள் வருகிறது.

ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். இது செல்போன் கோபுரத்தை நம்பிய சேவை. கடலில் சற்றுத் தூரம் போனாலே கோபுரம் எட்டாது என்பதால்தான் நம் மீனவர்களின் இயந்திரப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை அரசு கொடுக்கிறது. காரில் உள்ள கருவிக்கு அந்த வசதி பொதுவாக இல்லை. நாம் வழக்கமாகப் போகும் சாலையில் சிக்னல் விட்டு விட்டு வருமானால், அந்த இடங்களில் இந்தச் சேவையும் விட்டு விட்டுத்தான் வரும்.

சந்தா கட்டாவிட்டால் எது நிற்கும்?

"கட்டாவிட்டால் கார் ஓடாமல் போய்விடுமோ" என்று அஞ்சுவோர் உண்டு. அப்படி இல்லை. இயந்திரம், பிரேக், காற்றுப்பை, சாவியில் உள்ள திருட்டுத் தடுப்பு, பழுதைக் காட்டும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும். புளூடூத்தும், கைப்பேசியை இணைத்துப் பார்க்கும் வரைபடமும் இருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பதும், தொலைவிலிருந்து இயக்குவதும், கார் தானே உதவியை அழைப்பதும்தான் நிற்கும்.

நிற்பவற்றில் சிலவற்றை நாம் ஏற்கெனவே வேறு வழியில் பெற்றுக்கொண்டிருக்கிறோம். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயமாகிவிட்டது. வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று நமக்குச் செய்தி வருகிறது. வழியில் பழுதானால் உதவி என்பதைப் பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் கூடுதல் பிரிவாகவே தருகிறார்கள். அதற்கு அங்கே ஒரு முறை பணம் கட்டிவிட்டு, இங்கே மறுபடியும் கட்டுகிறோமா என்று பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் சந்தா வேறுபடும். கணக்கிற்காக ஆண்டுக்கு 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 810 ரூபாய். மொத்தம் 5,310 ரூபாய். மாதத்திற்கு 442 ரூபாய் 50 காசு.

கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்றால், இந்தச் சந்தாவுக்காக மட்டும் 265 கிலோவுக்கு மேல் கருப்பட்டி விற்க வேண்டும். மளிகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்பவர் 1,06,200 ரூபாய்க்கு விற்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தால்தான் தொகையின் கனம் தெரியும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சொந்தக் காரின் விலை, இன்சூரன்ஸ், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழிக்க நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பொதுவாக வழியில்லை. சரக்கு வாகனத்திற்கு உண்டு. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எதிலும் இல்லை. ஆகவே காருக்கான சந்தாவை வரியோடு சேர்த்தே செலவாக எழுதுவது பத்திரம். மாற்றி எழுதுவதற்கு முன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முத்துக்குளிப்பில் ஒரு பாடம்

வேம்பார் முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடற்றுறை ஊர்களில் ஒன்று. நம் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்நாளில் பார் இருக்கிறது, சிப்பி இருக்கிறது என்ற உடனே படகுகளை இறக்கிவிட மாட்டார்கள். முதலில் மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். மதிப்புத் தேறினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை.

இந்தச் சந்தாவுக்கும் அதுவே வழி. விளம்பரத்தில் அறுபது வசதி, எழுபது வசதி என்று இருக்கும். அவை யாவும் திறக்காத சிப்பிகள். நாம் எத்தனையைத் திறந்தோம், எத்தனையில் முத்து இருந்தது என்று பார்க்க வேண்டும். இலவசக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு சிட்டையை எடுத்துக்கொண்டு, செயலியைத் திறந்த ஒவ்வொரு முறையும் எதற்காகத் திறந்தோம், அதனால் என்ன மிச்சமாயிற்று என்று எழுதிவர வேண்டும்.

வீட்டு வாசலில் நிற்கும் காரை, "நிற்கிறதா?" என்று பார்ப்பதற்காக இருபது முறை திறந்திருந்தால் அதன் மதிப்பு பூஜ்யம். லோடு வண்டி தேவையில்லாமல் இயந்திரத்தை ஓடவிட்டு நிற்பதைக் கண்டுபிடித்து, மாதம் ஐந்து லிட்டர் டீசல் மிச்சமானது என்றால், லிட்டர் 92 ரூபாய் என்ற கணக்கில் 460 ரூபாய். சந்தாவுக்குச் சரியாகப் போயிற்று. ஆகவே ஒரே கடையில் ஒரு வண்டிக்கு வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம் என்ற முடிவும் வரலாம். அதில் தவறில்லை.

பணத்தில் எண்ண முடியாத ஒன்று

கணக்கில் அடங்காத வசதி ஒன்று உண்டு. பலமான மோதல் நடந்தால், ஓட்டுபவர் நினைவிழந்து கிடந்தாலும், சில கார்கள் தாமே உதவி மையத்தை அழைத்து இருப்பிடத்தைச் சொல்லும். 108-ம் 112-ம் இலவசம்தான். ஆனால் அழைக்க ஒருவர் நினைவோடு இருக்க வேண்டும். தூத்துக்குடியில் வசூல் முடித்து இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாகத் திரும்புகிறவர்கள் நம்மில் உண்டு. கல்லூரியிலிருந்தோ வேலையிலிருந்தோ தனியாக ஓட்டி வரும் மகளும் மருமகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் இந்த ஒரு வசதிக்காகவே சந்தா கட்டினால் அதை வீண் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் நம் மாடலில் அந்த வசதி தானாக இயங்குகிறதா, பொத்தானை அழுத்தினால்தானா, அது சந்தாவில் சேர்ந்ததா, தனியா என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இல்லாமல் போவது இல்லாததைவிட ஆபத்து.

நமது கடையில் நடந்தது

ஒருமுறை ஐப்பசி மாதத்தில், கிட்டங்கியில் இருந்த கருப்பட்டியை மதுரை கீழமாசி வீதி மண்டிக்கு ஏற்றி அனுப்பினோம். இரவு பத்து மணிக்குச் செயலியைப் பார்த்தால், வண்டி பந்தல்குடி அருகே இரண்டு மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. டிரைவரின் போனோ கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டு நம்மிடம் இருப்பவர். இருந்தும் நமக்கு நல்ல எண்ணம் வரவில்லை. பதினொரு மணிக்கு அவர் வேறொருவர் போனில் கூப்பிட்டபோது, விசாரிப்பதற்கு முன்பே சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டோம்.

காலையில் மண்டிக்காரர் கூப்பிட்டார். "நேத்து வழியெல்லாம் மழையாமே, உங்க சரக்குல ஒரு வட்டு கூட ஈரம் படல, எப்படி அனுப்புனீங்க?" என்று கேட்டார். வழியில் காற்றுமழையில் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது. டிரைவர் ஒரு கடைத் தாழ்வாரத்தில் வண்டியை ஒதுக்கி, வேறு தார்ப்பாய் கேட்டு வாங்கிக் கட்டி, மழை விடும்வரை காத்திருந்திருக்கிறார். அவர் போன் நனைந்துபோனது. கருப்பட்டியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த லோடையே அவர் காப்பாற்றியிருந்தார்.

திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, வண்டி நின்ன எடத்தத்தான அது சொல்லுது. ஏன் நின்னுச்சுன்னு சொல்லலையே." அன்று அவர் வேலையை விட்டுப் போகவே வந்திருந்தார். நாம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்ட பிறகே சாவியைத் திரும்ப எடுத்தார்.

அந்தச் சந்தாவை நாம் நிறுத்தவில்லை. ஆனால் இரண்டு விதி வைத்துக்கொண்டோம். ஒன்று, வண்டியில் இப்படி ஒரு கருவி இருக்கிறது, என்ன பார்ப்போம் என்பதை ஓட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. இரண்டு, செயலி காட்டுவதைக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்வது; தீர்ப்பாக வைத்துக்கொள்வதில்லை.

கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

1. நம் விவரம் யாரிடம் போகிறது? தன் வாடிக்கையாளர்கள் கார் ஓட்டும் விதத்தைப் பற்றிய தகவலை ஜெனரல் மோட்டார்ஸ் தரகு நிறுவனங்களுக்குக் கொடுத்ததும், அது இன்சூரன்ஸ் கம்பெனிகள்வரை போனதும் 2024-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்த நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையம் ஐந்தாண்டுத் தடைக்கான நடவடிக்கையை அறிவித்தது. நம் நாட்டிலும் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சம்மதம் கேட்கும் பக்கத்தைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தக் கூடாது.

2. பழைய கார் வாங்கினால், முந்தைய உரிமையாளரின் கணக்கை நீக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் நம் கார் எங்கே நிற்கிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். விற்கும்போது நம் கணக்கை நாமே நீக்கிவிட வேண்டும்.

3. பல ஆண்டுச் சந்தாவை மலிவு என்று அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். 2022-ல் அமெரிக்காவில் 3ஜி அலைவரிசையை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் இந்தச் சேவை அடியோடு நின்றது. இரண்டு ஆண்டில் காரை மாற்றும் எண்ணம் இருந்தாலும் ஓராண்டே போதும்.

4. தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குச் செய்தி வர வேண்டும். அந்தச் செய்தியைப் படித்தால் வேண்டாததை நிறுத்தலாம்.

5. கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கே மாதச் சந்தா கேட்டது; வாடிக்கையாளர்கள் எதிர்த்ததால் 2023-ல் கைவிட்டது. வாங்குபவன் பேசினால் விற்பவன் கேட்பான் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

பயிற்சி

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் சென்ற மாதம் உண்மையில் பயன்படுத்திய வசதிகள். இரண்டாவதில் அதே பயன் ஃபாஸ்டாக், இன்சூரன்ஸ், கைப்பேசி ஆகியவற்றில் கிடைக்குமா என்பது. மூன்றாவதில் மிச்சமான ரூபாய். மூன்றாவது பத்தியின் கூட்டுத்தொகை மாதச் சந்தாவைத் தொட்டால் புதுப்பியுங்கள். தொடாவிட்டால், இரவில் தனியாக ஓட்டி வருபவர் வீட்டில் இருக்கிறாரா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இருந்து, காரில் மோதல் எச்சரிக்கையும் இருந்தால் கட்டுங்கள். இல்லையேல் விட்டுவிடுங்கள், பிறகு தேவை வந்தால் எப்போது, என்ன விலைக்குச் சேரலாம் என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். கடை நடத்தும் நமக்கு அளக்காமல் போகிற தொகை எதுவும் சிறியதில்லை.